ஜெபக்குறிப்பாகிப் போன என் தம்பி

சபைக்குள்ளே ஒருவரால் மனம் புண்பட்டால் பெரும்பாலும் நமக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான்: "மன்னிச்சு விட்டுடுங்க சிஸ்டர், ஆண்டவர் பார்த்துக்குவார்." என்ன நடந்தது என்று முழுதாகக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே சொல்லிவிடுவார்கள். சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. சபை இரண்டாகப் பிளந்துவிடக் கூடாதே என்ற பயம்தான் காரணம். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டுமே என்ற கவலையும் உண்டு. ஆனால் புண்பட்டவரின் வாய் அந்த ஒரு வார்த்தையோடு அடைபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் பேசினால் கசப்பு பிடித்தவர். பேசாமல் இருந்தால் மன்னித்துவிட்டவர்.

நான் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் தம்பி போதைப்பொருள் உட்கொண்டதற்காகப் பிடிபட்டான். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நடைமுறை தெரியும். சிறுநீர்ப் பரிசோதனை, விசாரணை, அப்புறம் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையம். எவ்வளவு காலம் உள்ளே இருக்க வேண்டும் என்பது ஆளைப் பொறுத்தது. வெளியே வந்த பிறகும் கண்காணிப்பு உண்டு, குறித்த நாளில் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நான் அவனை முதன்முதலாகப் பார்க்கப் போனபோது அவன் கேட்டது ஒரே ஒரு காரியம். "அம்மாகிட்ட நீ சொல்லாதேக்கா. வெளியே வந்து அவங்க முகத்தைப் பார்த்து நானே சொல்லணும்."

அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "தம்பி ஒரு சிக்கல்ல இருக்கான்மா, கொஞ்ச காலம் வர மாட்டான். என்னன்னு அவனே வந்து சொல்றேன்னான்" என்றேன். அம்மா என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"உயிருக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்லம்மா."

"சரி. அவனே சொல்லட்டும்."

அதற்கு மேல் அவர் கேட்கவே இல்லை. கேட்காமல் இருந்தது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் ராத்திரி முழங்காலில் நிற்கும்போது அவன் பெயரை மட்டும் சத்தமில்லாமல் சொல்லுவார்.

நான் யாரிடமாவது சொல்லியாக வேண்டியிருந்தது. ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் தாதியாக வேலை செய்கிறேன். அதிகாலையில் கிளம்பினால் நாள் முழுக்க நோயாளிகள், இயந்திரங்களின் சத்தம். வீட்டுக்கு வந்தால் அம்மா. சபையில் எனக்கு மிக நெருக்கமான ஓர் அக்கா இருந்தார். என் கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை போன சமயத்தில், நாங்கள் வாய் திறந்து கேட்காமலேயே அரிசி மூட்டையும் எண்ணெயும் வாங்கி வந்து வாசலில் வைத்துவிட்டுப் போனவர் அவர். ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் கல் மேசையில் உட்கார்ந்து அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி கேட்டுக்கொண்டதையும் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கா, ஜெபம் மட்டும் பண்ணுங்க" என்றேன். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுது ஜெபித்தார். மனதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அது ஒரு ஜெபக்குறிப்பாகிவிட்டது.

அவர் சேர்ந்திருக்கும் ஓர் உபவாச ஜெபக் குழுவின் வாட்ஸ்அப்பில் என் பெயர், என் தம்பி பெயர், அவன் இருக்கும் இடம் எல்லாம் போட்டு, அவனுடைய விடுதலைக்காகப் போராடி ஜெபிப்போம் என்று எழுதியிருந்தார். அந்தக் குழுவில் நான் இல்லை. அதில் இருந்தவர்கள் வேறு குழுக்களுக்கு அனுப்பினார்கள். அப்படியே சபை விட்டுச் சபை போயிற்று. ஒரு சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம், அவருக்கு அரைகுறையாகத்தான் பழக்கமான ஒரு பெண்மணி வந்து, தோளைத் தொட்டு, "கவலைப்படாதீங்கம்மா, உங்க மகன் போதையிலிருந்து வெளியே வரணும்னு நாங்கெல்லாம் உபவாசம் இருக்கோம்" என்றிருக்கிறார்.

அம்மா வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி மஞ்சள் தடவி வைத்துவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை, அழவும் இல்லை. "அவனே சொல்வான்னுதானே நான் காத்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

அதன்பிறகு எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு நிமிரும்போது, அந்த அக்காவிடம் என்ன பேச வேண்டும் என்ற வசனம் தானாக மனதுக்குள் ஓடும். ஒவ்வொரு முறையும் முந்தினதைவிடக் கூர்மையாக. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்குப் போதகர் அழைக்கும்போது, அயலாரோடு அன்பும் சமாதானமுமாக இருக்கிறவர்களே கிட்டி வாருங்கள் என்ற பொருளில் ஒரு வரி வரும். சிறு வயதிலிருந்து கேட்ட வரி. அந்த ஞாயிறு என்னால் எழுந்து முன்னே போக முடியவில்லை. மூன்று வரிசைக்கு முன்னால் அந்த அக்கா முழங்காலிட்டிருந்தார்.

சபை மூத்தவர் ஒருவருக்கு விஷயம் தெரிந்து என்னிடம் பேச வந்தார். அவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. "கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மா, புருஷனையும் ரெண்டு பிள்ளைகளையும் எரிச்சவங்களையே மன்னிச்சாங்க. உங்களுக்கு இது ஒரு பெரிய விஷயமா?"

அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் கிளாடிஸ் அம்மையாரின் கதையை இப்படி ஒரு தடியாக எடுத்து ஓங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்தக் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் அவருடைய கணவர், மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் மகன்கள் பிலிப், திமோத்தி இருவரும் தூங்கிக்கொண்டிருந்த ஜீப்போடு சேர்த்து எரிக்கப்பட்டார்கள். பெரியவனுக்கு 10 வயது, சின்னவனுக்கு 6. கிளாடிஸ் அம்மையார் கொன்றவர்களை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். மகள் எஸ்தரோடு பாரிபதாவிலேயே தங்கித் தொழுநோயாளிகளுக்கான வேலையைத் தொடர்ந்தார். இதுவரைதான் நம் பிரசங்கங்களில் வரும். வராத பகுதி ஒன்று இருக்கிறது. வழக்கு நடந்தது. 2003இல் முதன்மைக் குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, 2005இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. மன்னிப்பு வேறு, குற்றத்துக்குச் சட்டப்படி வரும் விளைவு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்பதில் அந்த அம்மையார் தெளிவாக இருந்தார். நடந்தது கொலை இல்லை என்றோ, அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றோ அவர் சொல்லவில்லை. நடந்ததன் முழுக் கனத்தையும் தெரிந்துகொண்டுதான் மன்னித்தார்.

அந்தக் கனத்தைத் தெரிந்துகொள்கிற வேலையைத்தான் நாம் தாண்டிப் போகப் பார்க்கிறோம்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தை அந்த நாட்களில் திரும்பத் திரும்பப் படித்தேன். சகோதரனை எத்தனைதரம் மன்னிக்க வேண்டும், "ஏழுதரமட்டுமோ?" என்று பேதுரு கேட்க, இயேசு "ஏழெழுபதுதரமட்டும்" என்று சொல்லி ஓர் உவமை சொல்கிறார். நமக்கெல்லாம் தெரிந்த உவமைதான். ஆனால் அது ராஜா மன்னிப்பதில் தொடங்குவதில்லை, ராஜா கணக்குப் பார்க்க உட்காருவதில் தொடங்குகிறது. ஒரு வேலைக்காரன் பட்ட கடன் எவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் தெரிகிறது: பதினாயிரம் தாலந்து. ஒரு தாலந்து என்பது 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. எந்த வேலைக்காரனும் எத்தனை பிறவி எடுத்தாலும் அடைக்க முடியாத தொகை. அதைத் தெரிந்துகொண்டே ராஜா விட்டுவிடுகிறார்.

அப்படித் தப்பித்த அந்த வேலைக்காரன், தனக்குக் கடன்பட்ட ஓர் உடன்வேலைக்காரனை மன்னிக்காமல் சிறையில் போடுகிறான். அந்த உடன்வேலைக்காரனின் கடன், நூறு வெள்ளிப்பணம். பிரசங்கத்தில் இதைச் சில்லறைக் காசு என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூறு நாள் கூலி என்றால் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சம்பளம். இந்த ஊரில் மூன்று மாதச் சம்பளத்தை ஒருவர் வாங்கிக்கொண்டு தராமல் போனால் அதைச் சில்லறை என்று யாராவது சொல்வோமா? பதினாயிரம் தாலந்துக்கு முன்னால்தான் அது சின்னது. தன்னளவில் அது வலிக்கிற தொகைதான். எனக்கு நேர்ந்ததைச் சின்னது என்று இயேசு சொல்லவில்லை என்பது அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

அதனால் நானும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினேன். எனக்கு என்ன நஷ்டம்? முதலில் எழுதியது மானம். சபையில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, இனி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்று. ஆனால் எழுதி முடித்துப் பார்த்தபோது அது பெரிதாகத் தெரியவில்லை. மானம் போவது பழகிவிடும். இந்த நாட்டில் 2004 முதல் மஞ்சள் நாடாத் திட்டம் நடக்கிறது. சிறையிலிருந்தும் மறுவாழ்வு நிலையத்திலிருந்தும் வருகிறவர்களுக்கு இரண்டாம் வாய்ப்புக் கொடுங்கள் என்று நாடே சட்டையில் நாடா குத்திக்கொள்கிறது. சபை மட்டும் வாய்ப்புக் கொடுக்காமலா போய்விடும்?

அடுத்து எழுதியது நம்பிக்கைத் துரோகம். அது வலித்தது, இன்னும் வலிக்கிறது. ஆனால் அதுவும் முழுத் தொகை இல்லை.

கடைசியில் எழுதியதுதான் உண்மையான கடன். என் தம்பி தன் வாழ்க்கையிலேயே கேவலமான ஒரு காரியத்தைத் தன் தாயிடம் தானே சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அவனிடம் அப்போது மிச்சம் இருந்த ஒரே ஆண்மை அது. அம்மாவும் அதற்காகக் கேள்வி கேட்காமல் காத்திருந்தார். அந்த ஒரு தருணம் இருவருக்கும் இல்லாமல் போய்விட்டது. அதை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அதை எழுதிய பிறகு என் கோபத்தின் தன்மையே மாறிவிட்டது. அதுவரை அந்த அக்கா எப்படிப்பட்டவர், அவருடைய ஜெபம் எப்படிப்பட்டது, அவருடைய ஆவிக்குரிய பெருமை என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். கடனைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகு மற்றதெல்லாம் கழன்று விழுந்தது. ஒரே ஒரு காரியம் மட்டும் நின்றது. அதைத்தான் நான் மன்னிக்க வேண்டியிருந்தது, அல்லது மன்னிக்காமல் இருக்க வேண்டியிருந்தது.

அதே அதிகாரத்தில், உவமைக்கு முன்னாலேயே இயேசு ஒரு வழியும் சொல்லியிருக்கிறார். சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால், நீயும் அவனும் தனித்திருக்கையில் போய் அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து என்று. லூக்கா 17இல் இன்னும் நேரடியாக, "அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால், அவனுக்கு மன்னிப்பாயாக" என்றிருக்கிறது. நாம் கடிந்துகொள்வதை விட்டுவிட்டு மன்னிப்பாயாக என்பதை மட்டும் எடுத்துக்கொண்டோம். அல்லது கடிந்துகொள்வதை அவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் செய்கிறோம்.

போனேன். தனியாகத்தான் போனேன், கணவரைக்கூடக் கூட்டிப் போகவில்லை. அக்கா தேநீர் போட்டார், முறுக்கு வைத்தார். நான் முறுக்கைத் தொடாமலே சொன்னேன். "அக்கா, தம்பி அம்மாகிட்ட தானே சொல்லணும்னு இருந்தான். அது உங்களுக்குத் தெரியும். நீங்க குழுவில போட்டதால அம்மா மார்க்கெட்டுல ஒரு வெளியாள் வாயால கேட்டாங்க. அவனால இனிமே அதைச் சொல்லவே முடியாது."

அவர் சொன்ன முதல் பதில், "ஜெபத்துக்குத்தானேம்மா போட்டேன்" என்பது. இரண்டாவது, "அவங்க வெளியே அனுப்புவாங்கன்னு நான் நினைக்கலியே." நான் குரலை உயர்த்தவில்லை. மறுபடியும் அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் அவர் கண் கலங்கி, "மன்னிச்சிடும்மா. ஆனா நான் நல்ல எண்ணத்துலதான்…" என்றார்.

அந்த "ஆனா"தான். பாதி மன்னிப்புக் கேட்டல் என்று சொல்லலாம். நம்மில் பலருக்குக் கிடைப்பது இதுதான், முழு மனஸ்தாபம் அபூர்வம். இதற்கு என்ன செய்வது என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். லூக்காவில் மனஸ்தாபப்பட்டால் என்று இருக்கிறது. மாற்கு 11:25இல் அந்த நிபந்தனையே இல்லை. நின்று ஜெபம் பண்ணும்போது ஒருவன்பேரில் குறை இருந்தால் மன்னியுங்கள், அவ்வளவுதான். அங்கே எதிராளி வந்து நிற்கவே இல்லை, நானும் ஆண்டவரும் மட்டும். இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது. கடனை அழிப்பது என் கையில் இருக்கிறது, அதற்கு அவருடைய முழு ஒப்புதல் தேவையில்லை. ஆனால் உறவு பழையபடி நிற்பதற்கு அவருடைய பங்கும் வேண்டும். முதலாவதை நான் செய்யலாம். இரண்டாவதுக்குக் காத்திருக்கலாம்.

கடனை அழிப்பது என்றால் நடைமுறையில் என்ன? எனக்கு அது சில சின்னச் சின்னக் காரியங்களாகத்தான் இருந்தது. இந்தக் கதையை அவர் பெயரோடு யாரிடமும் மறுபடி சொல்வதில்லை என்று தீர்மானித்தேன், கணவரிடமும்கூட. மனதுக்குள் அந்தக் கோபப் பேச்சு ஓடத் தொடங்கினால், அவருடைய மகள் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம். அந்தப் பெண் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தவித்துக்கொண்டிருந்தாள். முதல் தடவைகளில் அந்த ஜெபம் வாயில்தான் இருந்தது, மனதில் இல்லை. பரவாயில்லை என்று தொடர்ந்தேன். ஏழெழுபதுதரம் என்பது வெவ்வேறு குற்றங்களுக்கு மட்டும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். நடந்த ஒரே காரியம் ஞாபகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, வரும்போதெல்லாம் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் வேலை விஷயமாகத் தோபி காட் பக்கம் போகவேண்டியிருந்தது. ஆர்ச்சர்ட் சாலை தொடங்கும் இடத்தில் ஒய்எம்சிஏ கட்டடம் இருக்கிறது அல்லவா? அந்த இடத்தில் இருந்த பழைய கட்டடத்தில்தான் ஜப்பானியர் காலத்தில் கெம்பேத்தாய் என்ற ஜப்பானிய ராணுவக் காவல்படை இருந்தது. நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். 1943 அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கிய கைதுகளில் பிடிபட்ட எலிசபெத் சோய் அங்கேதான் மாதக்கணக்கில் சித்திரவதைப்பட்டார். போர் முடிந்த பிறகு, தன்னைச் சித்திரவதை செய்தவர்களுக்கு மரண தண்டனை வாங்கித்தர அவர் விரும்பவில்லை. போர் மட்டும் இல்லையென்றால் அவர்களும் வீட்டில் குடும்பத்தோடு இருந்திருப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். அதே கைதுகளில் அகப்பட்ட ஆங்கிலிகன் பேராயர் லியனார்ட் வில்சன், தன்னை அடித்தவர்களைச் சின்னப் பிள்ளைகளாகக் கற்பனை செய்துகொண்டதாகப் பிற்பாடு சொன்னார். ஒரு காலத்தில் இவர்களும் அண்ணன் தம்பியோடு விளையாடிய குழந்தைகள்தானே, குழந்தைகளை வெறுப்பது கடினம் என்று. பிற்காலத்தில் அவரைச் சித்திரவதை செய்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டு வந்தபோது, திடப்படுத்தல், அதாவது விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சபைச் சடங்கு, கொடுத்தவர் அந்தப் பேராயரேதான்.

நான் மூத்தவர்மேல் குறைப்பட்டுக்கொண்டதையே இங்கே செய்யவில்லை. அவர்கள் பட்டதையும் நான் பட்டதையும் ஒப்பிடவும் இல்லை. அந்தப் பலகை முன் நின்றபோது எனக்குப் பயன்பட்டது ஒரு சின்ன காரியம்: செய்த செயலைத் தவிர அந்த ஆளிடம் வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அந்த அக்காவைக் குழந்தையாகக் கற்பனை செய்ய வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. வாசலில் அரிசி மூட்டையோடு நின்றவரை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதியவரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆளாகப் பார்க்கப் பழகவேண்டியிருந்தது. மெதுவாகத்தான் வந்தது.

இன்னொன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மன்னித்தேன் என்பதற்காக என் குடும்ப ரகசியங்களை மறுபடியும் அந்த அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அதில் எனக்குக் குற்ற உணர்ச்சி இல்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், தன்னைக் கைவிட்டவர்களைப் பற்றி, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று வேண்டிக்கொள்கிறார். அதற்கு ஒருசில வரிகளுக்கு முன்னால்தான், கன்னானாகிய அலெக்சந்தர் எனக்கு வெகு தீமை செய்தான், நீயும் அவனைக் குறித்து எச்சரிக்கையாயிரு என்கிறார். ஒரே பேனா, ஒரே பக்கம். யோசேப்பும் தன்னை விற்றுப்போட்ட சகோதரர்களைப் பார்த்த உடனே கட்டிப்பிடித்துவிடவில்லை. தனியே போய் அழுதான், பென்யமீனின் சாக்கில் வெள்ளிப் பாத்திரத்தை வைத்து அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தான், யூதா தன்னையே அடிமையாகக் கொடுக்க முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான்.

வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்களுக்கு இது உயிர் பிரச்சினை. என் வேலையில் கைத் தழும்புகளைப் பார்க்கிறேன், எல்லாமே ஊசித் தழும்புகள் இல்லை. "எழுபது தரம் மன்னிக்கணும்னு சொல்லியிருக்கே" என்று சொல்லி அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிற ஒரு சகோதரியாவது இதைப் படித்தால், தயவுசெய்து கேளுங்கள். மன்னிப்பது என்றால் மறுபடி அடி வாங்கப் போவது இல்லை. நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்டு மனுப்போடலாம். 1800 777 0000 என்ற தேசிய உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். மன்னிப்பதை அதற்குப் பிறகு, பாதுகாப்பான ஓரிடத்தில் உட்கார்ந்து, ஆண்டவரோடு மெதுவாகப் பேசிக்கொள்ளலாம். சட்டத்தின் உதவியை நாடியதால் நீங்கள் குறைந்த கிறிஸ்தவர் ஆகிவிட மாட்டீர்கள்.

தம்பி வெளியே வந்தான். வந்த அன்றைக்கே அம்மா முன்னால் உட்கார்ந்து, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னான். அம்மா எதையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் கடைசிவரை கேட்டார். அவருடைய சங்கிலியை எடுத்து அடகுக்கடையில் வைத்ததையும் அவன் சொன்னான், அது எங்களுக்கே தெரியாது. அம்மா எழுந்து அவன் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். பிறகு சோறு போட்டார். அன்றிலிருந்து அந்தச் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பீரோ சாவியை மட்டும் முந்தானையில் முடிந்தே வைத்திருக்கிறார். தம்பிக்கும் அது தெரியும். "இருக்கட்டும்க்கா, அது நல்லதுதான்" என்கிறான்.

அந்த அக்கா செய்தது அவனுக்கும் தெரிய வந்தது. கோபப்படுவான் என்று நினைத்தேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் உங்களுக்கெல்லாம் செஞ்சதைவிடவா அக்கா?" என்றான். பதினாயிரம் தாலந்து தள்ளுபடி ஆனவன் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினான். நான் இத்தனை பக்கம் படித்துத் தெரிந்துகொண்டது அவனுக்கு ஒரே வரியில் வந்தது. அவனுக்குக் கடன் பட்டது எவ்வளவு என்று தெரியும், அதனால்தான்.

எங்கள் மாதர் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வந்திருக்கிறது. யாராவது மற்றொருவருக்காக ஜெபக்குறிப்புச் சொன்னால், "அவங்ககிட்ட கேட்டுட்டீங்களா?" என்று ஒருவர் கேட்பார். கேட்கவில்லை என்றால் பெயர் இல்லாமல் ஜெபிப்போம், ஆண்டவருக்குப் பெயர் தெரியும். இதை முதலில் முன்வைத்தது நான். தயங்காமல் ஆமோதித்தது அந்த அக்கா. அன்றைக்கு அவர் குரலில் "ஆனா" இல்லை.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் என்னிடம் வந்து, "தம்பி எப்படிம்மா இருக்கான்?" என்று தணிந்த குரலில் கேட்டார். அவன் அடுத்த மேசையில்தான் இருந்தான். "அவன்கிட்டயே கேளுங்கக்கா" என்றேன். போய்க் கேட்டார். துவாஸில் ஒரு கிடங்கில் இரவு வேலை பார்ப்பதையும், பரிசோதனைக்கு இன்னும் போய்வருவதையும், தூக்கம்தான் சரியில்லை என்பதையும் அவனே அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் எழுந்து அம்மாவுக்குத் தட்டு எடுக்கப் போனேன்.